யாரோ ஒருவருக்காக

அச்சகத்திலிருந்து வந்த தாள்களில், ஏழாம் பக்கத்தின் கடைசியில் அந்த வரி இருந்தது. ‘அன்று அவர் யாரோ ஒருவருக்காகத் திரும்பிப் போனார். மீண்டு வரவில்லை.’ இரஞ்சிதம் அதை மூன்று தரம் வாசித்தாள். முதல் தரம் கண்ணாடி போடாமல், இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, மூன்றாம் தரம் எழுதியவரின் முகத்தையும் இடைக்கிடை பார்த்துக்கொண்டு.

எழுதியவர் விமலநாதன். எதிர்க் கதிரையில் இருந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். அங்கே இப்போது பெரிய உத்தியோகம், சின்னதாய் ஒரு தொந்தி, இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசைக் கதிரை. அகதிகளைப் பற்றி எந்த நாட்டில் எந்த நாவல் வந்தாலும் அதைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சின் நடுவில் ஓரிடத்தில் குரல் உடையும். கேட்டுப் பழகியவர்களுக்கு அது எந்த இடம் என்று முன்கூட்டியே தெரியும்.

“எப்பிடிப் பிள்ளை? நல்லா வந்திருக்கோ?” என்று கேட்டார்.

செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் படத்தோடும் தேவாரத்தோடும் ஒரு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இரஞ்சிதத்தின் புருஷன் யோகேந்திரனுக்கு அது நடக்கவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாளன்று அவள் கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நானூறு பேருக்கு இரண்டாக இருந்த கக்கூசுக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அந்தக் குறையைப் பத்தாம் ஆண்டிலாவது தீர்ப்போம், நினைவு மலர் ஒன்று போடுவோம் என்று விமலநாதன்தான் கடிதம் எழுதினார். அவள் சம்மதித்தாள். சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் தன் கையால் என்ன எழுதுகிறார் என்று பார்க்க அவளுக்கு ஆசை. நான்கு வருசமாக இருந்த ஆசை.

“விமலண்ணை, ஏழாம் பக்கத்தில இந்த ‘யாரோ’ ஆர்?”

“அது பொதுவா எழுதினது. ஒரு ஆளின்ர பேரைப் போட்டா விசயம் அந்த ஆளோட முடிஞ்சிடும். யாரோ எண்டு விட்டா ஒரு விரிவு வரும். மனிசகுலம் முழுக்க உள்ளுக்கு வந்திடும்.”

“அண்டைக்குத் தண்டவாளத்தில மனிசகுலம் ஓடேல்லை. மூண்டு பேர்தான் ஓடினது.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இதில ‘எனக்காக’ எண்டு மாத்துங்கோ. ஒரு சொல்லுத்தான். மாத்தினா அவரின்ர படம் தாறன். மாத்தாட்டி மலர் வேண்டாம்.”

*

ஓட்டத்தைத் தொடங்கி வைத்தது யோகேந்திரன். பேராதனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் படவரைஞர். நாள் முழுக்கக் குனிந்து கோடு போட்ட முதுகு முப்பது வயதிலேயே முறைப்பாடு சொல்லத் தொடங்க, வைத்தியர் நடக்கச் சொன்னார். அவர் ஓடினார். எதையும் ஒரு படி கூடச் செய்கிற மனிதர். அதே அலுவலகத்தில் வேலை செய்த விமலநாதன் அவர்கள் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். தனிக்கட்டை. அவரையும் கட்டிலால் இழுத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். கெலிஓயாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மர்சூக் ஹாஜியாரின் மகன் ஷிராஸ், ஒருநாள் கடை திறக்கையில் இந்த இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வருவதைக் கண்டு, “யாரு தொரத்துற ஒங்கள?” என்று கேட்டான். ஒருத்தரும் துரத்தவில்லை என்று அறிந்ததும் அடுத்த வாரமே முதல் பஸ்ஸில் பேராதனைக்கு வந்து தானும் சேர்ந்துகொண்டான். கலியாணம் முடித்து வந்த மூன்றாம் மாதம் இரஞ்சிதமும் சேர்ந்தாள். கணிதம் படிப்பிக்கிற ரீச்சர், புருஷனின் பழைய காற்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு றோட்டால் ஓடுகிறா என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதனும் ஞாயிறும் விடியற்காலை. பேராதனையிலிருந்து கெலிஓயாவுக்குச் சில நாள் ஆற்றோர றோட்டால், சில நாள் ரயில் பாதையால். ஒரு கரையில் மகாவலி பனிமூட்டத்துக்குள் கிடந்து சத்தம் மட்டும் கொடுக்கும். முதல் அரை மைலும் உடம்பு சண்டை பிடிக்கும். பிறகு எங்கேயோ ஓரிடத்தில் நாலு பேருடைய காலடியும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு ஓடுவது யார் என்றே தெரியாது. நாலு பேருக்கும் ஒரே நெஞ்சு போல இருக்கும். கடைசியில் கெலிஓயாவில், பேக்கரியில் சூடாக இறக்கிய ரோஸ் பாணும், ஷிராஸின் மனைவி ஹிதாயா கொடுத்துவிடுகிற பிளேன்டீயும். அந்தப் பாணை அவள் பிறகு எத்தனையோ இடங்களில் வாங்கித் தின்றுவிட்டாள். அந்த ருசி இல்லை.

எப்போதும் கடைசியில் வருவது விமலநாதன். அவருடைய மூச்சு அவருக்கு முன்னால் வந்து சேரும். கெலிஓயா ஸ்டேசனுக்கு அரை மைல் இந்தப் பக்கம் ஒரு ரயில் கேற்று இருக்கிறது. ஒருநாள் அது சாத்திக் கிடந்தது.

“மச்சான்,” என்று ஷிராஸ் பின்னால் திரும்பிக் கத்தினான், “ஒங்கட மூச்சுச் சத்தத்துக்கு ரயில் வருதுண்டு கேற்றைச் சாத்திட்டான்!”

“உன்ர வாயைச் சாத்தடா முதல்ல,” என்றார் விமலநாதன், மூன்று மூச்சில்.

அந்த நாவலைக் கொண்டுவந்ததும் ஷிராஸ்தான். கண்டியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டையும் இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. சண்டைக் காலத்தில் பர்மாவிலிருந்து காடு மலையெல்லாம் கடந்து நடந்து வந்த தமிழ்ச் சனத்தின் கதை. ஒரு புத்தகத்தை எத்தனை பேர் காத்திருந்து வாசிப்பது? ஷிராஸ் அதைச் சவரக் கத்தியால் மூன்றாய்ப் பிளந்து, கோணி ஊசியாலும் சணல் நூலாலும் தனித்தனியே தைத்துக் கொடுத்தான். ஒருவர் கையில் தொடக்கம், ஒருவர் கையில் நடு, ஒருவர் கையில் முடிவு. ஓடும்போது அவரவர் வாசித்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால் கதையின் முடிவை முதலிலும் தொடக்கத்தைக் கடைசியிலும் கேட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. மேட்டில் கதை நிற்கும், இறக்கத்தில் ஓடும். வழியில் விட்டுவிட்டு வந்த கிழவியைப் பற்றிய பகுதி வந்த அன்று விமலநாதன் ஓட்டத்தை நிறுத்தி, மைல்கல்லில் குந்தி இருந்து அழுதார். மற்ற மூவரும் அவரைச் சுற்றி நின்றார்கள். அன்று அவரை இரஞ்சிதத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்று அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அகதிக் கதை என்றால் தேடிப் பிடித்தார்கள். எல்லை கடந்தவர்கள், கப்பலில் வந்தவர்கள், முள்வேலிக்குள் கிடந்தவர்கள். எல்லாம் சணல் நூல் தையலோடு கைமாறின. ஏன் அவ்வளவு பிடித்தது என்று அவள் பிறகு யோசித்திருக்கிறாள். வேறு ஆரோ நடந்தார்கள், நாங்கள் ஓடினோம். அவர்களுக்குப் பசி, எங்களுக்கு ரோஸ் பாண். சூடாக இருந்துகொண்டு மழையைப் பார்க்கிற சுகம். அது தப்பில்லை என்று அன்றைக்கு நினைத்தாள். அழத் தெரிந்தவர்கள் நல்லவர்கள் என்றும் நினைத்தாள்.

ஒரே ஒரு மனிதர்தான் அந்த நாவலில் பிழை பிடித்தார். அலுவலகத் தோட்டத்தில் வேலை செய்த கறுப்பையா. எழுபத்தேழுக் கலவரத்தில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயம் எரிந்தபோது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவர். யோகேந்திரன் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் கதையைச் சொன்னார். கறுப்பையா முழுக்கக் கேட்டார்.

“எல்லாம் சரிதாங்க. அம்புட்டு சனம் நடந்து வருதே, பொம்பளைங்க எங்கங்க ஒதுங்குனாங்க? அதப்பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?”

இவர்கள் சிரித்தார்கள். பிறகு ஓடும்போதும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த நாவலில் மாடசாமி என்று ஒருவன். ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்த பிறகு, நொண்டிச் சிநேகிதன் வரவில்லை என்று கண்டு, திரும்ப ஆற்றில் இறங்கிப் போய் அவனைத் தோளில் சுமந்துகொண்டு வருவான். இரண்டு பேரும் பிழைப்பார்கள். யோகேந்திரனுக்கு அந்த இடத்தில் பைத்தியம். அதிலிருந்து ஓட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டார். முதலில் ஸ்டேசனுக்கு வந்து சேர்கிறவர் நிற்கக் கூடாது. திரும்பிப் போய், கடைசியாய் வருகிறவரின் தோளைத் தொட்டு, அவரோடு சேர்ந்து ஓடி வர வேண்டும். அதற்குப் பெயர் ‘திரும்பல்’. முதலில் வருவது எப்போதும் யோகேந்திரன். கடைசி எப்போதும் விமலநாதன். ஆகவே ஒன்றரை வருசமாகக் கிழமைக்கு இரண்டு தரம் அவர் இவருக்காகத் திரும்பிப் போனார்.

அந்தச் சட்டம்தான் அவரைக் கொன்றது என்று சிலர் சொல்வார்கள். இரஞ்சிதம் அப்படிச் சொல்ல மாட்டாள். கொன்றவர்களுக்குக் கையும் காலும் இருந்தன. இரும்புக் கம்பி இருந்தது. வீட்டுக்குப் போனால் சோறு போட்டுக் கொடுக்க ஆளிருந்தது. அவர்களில் ஒருவரும் ஒருநாளும் கூண்டில் ஏறவில்லை. எந்தச் சட்டத்தின் தலையிலும் அதைக் கட்டி அவர்களை இறக்கிவிட அவள் தயாரில்லை.

*

எண்பத்து மூன்று ஆடி, செவ்வாய்க்கிழமை. காலையில் வேலைக்குப் போனவர்கள் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கண்டிப் பக்கம் தமிழர் கடைகள் எரிகிற புகை. பதினொரு மணிக்குப் புகை இரண்டாயிற்று. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். அது எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

“ஷிராஸ் வீட்டுக்குப் போவம்,” என்றார் யோகேந்திரன். “றோட்டால ஏலாது. தண்டவாளத்தால போவம். தெரிஞ்ச பாதைதானே.”

விமலநாதனால் சப்பாத்தைக் கட்ட முடியவில்லை. யோகேந்திரன் முழங்காலில் இருந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். எழும்பி, “இண்டைக்கு நாங்கள்தான் நாவல்,” என்று சொன்னார். பகிடிதான். ஆனால் அவருடைய முகத்தில் பகிடி இருக்கவில்லை.

ஓடினார்கள். யோகேந்திரன் முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரஞ்சிதம் நடுவில், விமலநாதன் பின்னால். சிலிப்பர் கட்டைக்குச் சிலிப்பர் கட்டை கால் தானாகவே விழுந்தது. வெட்கம் கெட்ட உடம்பு. அந்த நேரத்திலும் அதற்கு ஓட்டம் பிடித்திருந்தது. முதல் அரை மைல் சண்டை பிடித்துவிட்டு, வழக்கமான இடத்தில் ஒத்துப்போனது. பின்னாலிருந்து விமலநாதனின் மூச்சு வந்துகொண்டிருந்தது. அது கேட்டவரையில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேற்றைத் தாண்டிய பிறகு எங்கே நின்றதென்று அவளுக்குத் தெரியாது. கெலிஓயா ஸ்டேசனில், மேடையின் முனையில், ஷிராஸ் இவர்களை எதிர்பார்த்து நின்றான்.

“ரெண்டு பேர்தான் ஈக்கி. விமல் மச்சான் எங்க?”

யோகேந்திரன் பாதையைப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

“நீ ஷிராசோட போ,” என்றார். “நான் தொட்டுக்கொண்டு வாறன்.”

போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியில், ஒன்றரை வருசமாக அந்த இடத்தில் சொல்லிப் பழகியதையே சொன்னாள்: “கெதியா வாங்கோ, பாண் ஆறப் போகுது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினார். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு லேசு என்பார்கள். நடந்து போயிருந்தால் ஒருவேளை ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு மனிதர், நண்பகலில், தண்டவாளத்தில், ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு முழு வேகத்தில் ஓடினார். கேற்றடியில் அவர்கள் கம்பிகளோடு நின்றார்கள்.

பின்னேரம் ஷிராஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பார்த்தான் என்று இன்றுவரை சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை. ஹிதாயா தன் உடுப்பை அவளுக்கு உடுத்தி, தலையை மூடிவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்திருந்தாள். சந்தியில் கூட்டம் வந்து கேட்டபோது, “எங்கட மூத்த மச்சி, காய்ச்சல்,” என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் முகாம். முதல் நாளே கறுப்பையா அங்கே நின்றார். எங்கிருந்தோ ஒரு வாளி தேடிக் கொண்டுவந்து, மண்டபத்துக்குப் பின்னால் சாக்குக் கட்டி மறைத்த இடத்தைக் காட்டி, “அம்மா, பொம்பளைங்களுக்கு இங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாக்கு மறைப்புக்குள் இருந்துதான் அவள் முதல் முதலாக வாய்விட்டு அழுதாள். புருஷனுக்காக மட்டுமில்லை. நாலு பேர் சேர்ந்து அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்ததற்காகவும்.

விமலநாதனை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டாள். கேற்றடியில் கால் பிசகிவிட்டது என்றார். ஒரு வாகனம் ஏற்றிப் போனது என்றார். எங்கே போகிறேன் என்றே தெரியாமல் கம்பளைக்குப் போய்விட்டேன் என்றார். அவள் நம்பினாள். பயந்த மனிதர், பாவம் என்று நினைத்தாள். அகதிகளை ஏற்றிய கப்பலில் யாழ்ப்பாணம் போனாள். மூன்று வருசத்தில் வேலை மாற்றம் கேட்டுத் திரும்பி வந்தாள். விசரோ உனக்கு என்று தாய் கேட்டதற்கு, “அது நான் ஓடின பாதை, அவங்களுக்கு விட்டுக் குடுக்கேலாது,” என்றாள். கெலிஓயாவில் ஷிராஸ் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தாள். இன்றும் புதனும் ஞாயிறும் ஷிராசோடு ஓடுகிறாள். அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊசியால் குத்திக்கொண்டு, சோதனைச் சாவடியில் நின்று காட்டிவிட்டு ஓடுகிறாள். ஷிராசுக்கு இப்போது மூச்சு வாங்கும். பிந்தினால் அவள் நின்று காத்திருப்பாள். திரும்பிப் போக மாட்டாள். அவனும் எதிர்பார்ப்பதில்லை.

எண்பத்தொன்பதில் ஒருநாள் ஷிராஸின் கடைக்குக் கதவுப் பிணைச்சல் வாங்க ஒரு மனிதன் வந்தான். பேராதனை அலுவலகத்தில் ஜீப் ஓட்டிய சிங்களச் சாரதி சோமபால. பிணைச்சலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றான். அன்று மாலை ஷிராஸ் வந்து முற்றத்தில் நின்றான்.

“டீச்சர், இத செல்லாம ஈக்க எனக்கு ஏலா,” என்றான்.

*

“என்ர பிள்ளையள் இதை வாசிப்பினம், இரஞ்சிதம்,” என்றார் விமலநாதன். தேநீர் ஆறிவிட்டது.

“வாசிக்கட்டும். என்ர பிள்ளையளும் வாசிச்சிருக்கும், பிறந்திருந்தா.”

“நான் என்ன செய்ய? கால் பிசகினது. சோமபால ஏத்தினான். ஏத்தினவன்ர ஜீப்பில நான் என்னத்தைச் சொல்லுறது?”

“என்ன சொன்னனீங்கள்?”

“என்னெண்டு?”

“ஜீப் ஒழுங்கைக்குள்ள மறைஞ்சு நிண்டது. கூட்டம் கொஞ்சம் விலக வெளியில எடுத்தவன். அந்த நேரம் இவர் உங்கட பேரைக் கூப்பிட்டுக்கொண்டு தண்டவாளத்தால வாறார். ‘அது யோகேந்திரன் மாத்தயா தானே, ஏத்துவமா’ எண்டு சோமபால கேட்டவன். பின்னால சாக்குக்குக் கீழ கிடந்து நீங்கள் என்ன சொன்னனீங்கள், அண்ணை?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார்.

“எவ்வளவு காலமாத் தெரியும் உமக்கு?”

“நாலு வருசம். நாலு ஆடிக்கும் அப்பிள் பழப் பையோட வந்தனீங்கள். நாலு தரமும் தேத்தண்ணி தந்தனான். ஒவ்வொரு தரமும், இந்த முறை சொல்லுவார் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். நீங்கள் நாவல் சொன்னீங்கள்.”

“பயம், பிள்ளை. பயத்தில மனிசன்...”

“பயத்தில நிப்பாட்டாமல் போயிருந்தா நான் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன். பயம் எனக்கும் இருந்தது. ‘அவர் இல்லை, நீ போ’ எண்டு சொன்னனீங்கள். உங்கட சப்பாத்துக் கயித்தைக் கட்டிவிட்ட மனிசனை, உங்கட பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த மனிசனை, அவர் இல்லை எண்டனீங்கள். நான் அதைப் போடச் சொல்லேல்லை. உந்தப் பத்து வருச நாடகத்துக்கு விலையா ஒரு சொல்லுக் கேக்கிறன். எனக்காக. அவ்வளவுதான்.”

விமலநாதன் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனையை எடுத்து ‘யாரோ ஒருவருக்காக’ என்பதை வெட்டினார். மேலே ‘எனக்காக’ என்று எழுதினார். பத்து வருசத்துக்கு முன் சப்பாத்தைக் கட்ட முடியாமல் போன அதே கை. அவள் அலுமாரியைத் திறந்து படத்தைக் கொடுத்தாள்.

*

நினைவுக் கூட்டம் ஞாயிறு காலை, ஷிராஸின் கடைக்கு மேல்மாடியில். சனிக்கிழமை மத்தியானம் அச்சகத்திலிருந்து இருநூறு பிரதி இரண்டு பொதியாக வந்தது. இரஞ்சிதம் கயிற்றை வெட்டினாள். படம் நன்றாக விழுந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே ஏழாம் பக்கத்துக்குப் போனாள்.

‘அன்று அவர் நண்பர் ஒருவருக்காகத் திரும்பிப் போனார். மீண்டு வரவில்லை.’

மற்றப் பொதியிலும் ஒரு பிரதியை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தாள். துக்கமில்லை. துக்கம் என்றால் அவளுக்குத் தெரியும். இது கோபம். அவளுக்கு முன்னால் வெட்டி எழுதிவிட்டு, கொழும்பு போய்ச் சேர்ந்து, அச்சகத்துக்கு டெலிபோன் எடுத்திருக்கிறார். ‘யாரோ’வுக்கும் ‘எனக்காக’வுக்கும் நடுவில், ஒருவரும் நோகாத ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார். எவ்வளவு நல்ல எழுத்தாளர்!

ஷிராஸ் வாசித்துவிட்டு, “எரிச்சிப் போடுவோம் டீச்சர், எல்லாத்தையும்,” என்றான்.

“எரிச்சது காணும் இந்த ஊரில,” என்றாள் இரஞ்சிதம். கைப்பையைத் திறந்து, சோதனைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனையை எடுத்தாள். முதல் பிரதியில் ‘நண்பர் ஒருவருக்காக’ என்ற இரண்டு சொல்லின் மேலும் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிமிர்ந்த எழுத்தில், ‘இதை எழுதியவருக்காக’ என்று எழுதினாள்.

இருநூறு பிரதி. ஷிராஸ் பக்கத்தை விரித்துக் கொடுத்தான். ஹிதாயா மை காயுமட்டும் ஊதி, காய்ந்ததை அடுக்கினாள். எழுபதாவதில் பேனை முடிந்தது. ஹிதாயா கீழே போய் மகனுடைய பள்ளிக்கூடப் பையிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தாள்.

“அக்கா, கொஞ்சம் கையை ஆறவைங்களே. அந்தாளுக்கு இந்த எழுபது பிரதி போதும் தானே?”

“ஒண்டு விட்டாலும் அந்த ஒண்டைத்தான் அவர் மற்றவைக்குக் காட்டுவார்,” என்றாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் இருநூறாவது முடிந்தது. நடுவிரல் கன்றிப்போயிருந்தது.

மறுநாள் காலை மாடி நிறைந்திருந்தது. பழைய அலுவலகத்தார், பள்ளிக்கூட ரீச்சர்மார், முகாமில் கூட இருந்த இரண்டு மூன்று குடும்பங்கள். கடைசி வாங்கில் கறுப்பையா, கழுவிய வேட்டியோடு. விமலநாதன் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் முன்வரிசையில் இருந்தார். பெட்டை தகப்பனைப் போலக் கண்ணாடி போட்டிருந்தாள். அவளைப் பார்த்தபோது இரஞ்சிதத்தின் மனம் ஒரு கணம் தயங்கியது. ஒரு கணம்தான். சிநேகிதனின் பெண்சாதி என்று பத்து வருசம் தேத்தண்ணி கொடுத்த தனக்காக ஒருவரும் தயங்கவில்லை. பிரதிகளை அவளே வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். விமலநாதன் அட்டைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். தான் எழுதியதைத் தான் எதற்குத் திறந்து பார்ப்பது?

தேவாரம் முடிந்தது. அடுத்து அவருடைய உரை என்று ஷிராஸ் சொன்னான். அவர் எழும்பி வந்தார். “ஓடுவதும் வாசிப்பதும் ஒன்றுதான்,” என்று தொடங்கினார். “இரண்டிலும் நாங்கள் எங்களை விட்டு வெளியே போகிறோம்...” குரல் உருண்டு திரண்டு வந்தது. சபை கேட்டது. ஆனால் தாள் புரட்டும் சத்தமும் கேட்டது. பின்வாங்கில் ஆரோ பக்கத்தில் இருப்பவரைத் தட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். அவர்கள் அடுத்தவரைத் தட்டினார்கள். முன்வரிசையில் அவருடைய மகள் ஏழாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவருடைய பேச்சு நின்றது.

“பேசத் தேவையில்லை, அண்ணை,” என்றாள் இரஞ்சிதம், இருந்த இடத்திலிருந்து. குரலை உயர்த்தவில்லை. “வாசியுங்கோ. ஏழாம் பக்கம். உங்கட எழுத்துத்தானே.”

அவர் மலரைத் திறந்தார். வாசிக்கத் தொடங்கினார். பனிமூட்டத்தை வாசித்தார், ரோஸ் பாணை வாசித்தார், சணல் நூலால் தைத்த நாவலை வாசித்தார். பழகிய குரல். ஓர் இடத்திலும் தடக்கவில்லை. குரல் உடைய வேண்டிய இடத்திலும் உடையவில்லை. கடைசி வரியில், “அன்று அவர்” என்று வந்து, சிவப்பு மைக்கு முன்னால் நின்றார்.

ரயில் பாதைப் பக்கம் காகம் கத்தியது. பிறகு அது வந்தது. தொண்டையிலிருந்து இரைந்து, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வருகிற அந்தப் பழைய மூச்சு. பத்து வருசத்துக்கு முன் சிலிப்பர் கட்டைகளின் மேல் அவளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்து, பிறகு கேட்காமல் போன மூச்சு. ஷிராஸ் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தான். அவனுடைய கால் ஒரு அடி முன்னால் போனது. இரஞ்சிதம் அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஒருத்தரும் போய்த் தொடத் தேவையில்லை. இந்த அரை மைலைத் தனியாக ஓடி வரட்டும். வரட்டும், பார்த்துக்கொண்டிருப்போம் என்று, கன்றிய விரலை மடியில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் இருந்தாள்.